பெங்களூர் நாயும் சுண்ணாம்புக் குழி நாயும்

கேட் காவலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளா, உங்களில் ஒருவர் நேற்று என் வீடு தேடி வந்து ஒரு சந்தேகம் கேட்டார். "பெரியவரே, கம்பெனிக்குக் காவல் நாய் வாங்கப் போறாங்களாம். பெங்களூர்ல ஒரு தொரை ஜாதி நாயா வளத்து விக்கிறாராம். இன்னா ஜாதி வாங்கினா நல்லது?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவரை உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. வாசலில் நிற்க வைத்தே திட்டி அனுப்பிவிட்டேன். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. இத்தனை வருஷம் போன பிறகும் அதே கேள்வி அதே கேட்டுக்குள் நுழைகிறதே என்றுதான் எனக்கு வயிறு எரிந்தது. அவருக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது உங்கள் எல்லாருக்குமாகச் சொல்கிறேன்.

சாப்பாட்டுத் தூக்கை எப்படிச் சோதிப்பது, இடுப்பில் தோல் துண்டு சுற்றிக்கொண்டு போகிறவனை நடையை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது, இதெல்லாம் நாலு வாரம் கேட்டில் நின்றால் தானாக வந்துவிடும். அதை நான் சொல்லித் தரப்போவதில்லை. நான் ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பு ஒன்றில் வாலிபத்திலிருந்து தலை நரைக்கும் வரை கேட் காவல் பார்த்தவன். அங்கே இருந்த இரண்டு நாய்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

தோல் ஷாப்பு இருக்கிற இடத்தில் நாய் இருக்கும். தோலிலிருந்து கத்தியால் வழித்தெடுக்கும் சவ்வும் கொழுப்பும் மதில் சுவருக்கு வெளியே குவிந்து கிடக்கும்போது, நாய் வராமல் மயிலா வரும்? கோடைக்கு முன்னால் கையில் தடியோடு நாய் அடிக்கிற ஆட்கள் வருவார்கள். கழுத்தில் பட்டை இருந்தால் விட்டுவிடுவார்கள், இல்லாவிட்டால் அடித்து வண்டியில் போடுவார்கள். அவர்கள் பார்ப்பது கழுத்தை மட்டும்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி ஒரு கோடையில் தாயை அடித்துப் போட்ட பிறகு, ஒரு குட்டி பயந்து ஓடி வந்து எங்கள் சுண்ணாம்புக் குழியில் விழுந்துவிட்டது. தோலில் இருக்கும் ரோமம் கழல்வதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் தோலை ஊறப் போடும் குழி அது. ரோமத்தைக் கழற்றுகிற தண்ணீர் நாய்க்குட்டியை மட்டும் சும்மா விடுமா? ஆண்பிள்ளைகள் நாலைந்து பேர் குழியைச் சுற்றி நின்று "ஐயோ பாவம்" சொல்லிக்கொண்டிருந்தார்கள். தவமணிதான் ஓடி வந்து குப்புறப் படுத்துக் கையை விட்டு அதைத் தூக்கினாள்.

தவமணி ஆவாரம்பட்டை இடிக்கிற பெண். தோலுக்குத் துவர் ஏற்றுவது அந்தப் பட்டைதான். கிறிஸ்துவ வேதக்காரக் குடும்பம். கைக்குழந்தையைப் பட்டைக் குடோன் நிழலில் தூளியில் போட்டுவிட்டு நாள் முழுக்க உலக்கை போடுவாள். குட்டியைத் தண்ணீரில் அலசி அலசி, தேங்காயெண்ணெய் தடவி, என்னிடம் கொண்டு வந்து கொடுத்தாள். "அண்ணா, வெளிய விட்டா அடிச்சுடுவாங்க. உன் கேட்டுல கட்டிக்கோ" என்றாள். முதுகில் ஒரு சாண் அகலத்துக்கு ரோமம் போனது போனதுதான், திரும்ப முளைக்கவே இல்லை. அதனால் அதற்குச் சொட்டை என்று பேர்.

சொட்டை வளர்ந்த பிறகு எனக்குக் கேட்டில் பாதி வேலை கம்மியானது. ஷாப்பில் வேலை செய்கிற அத்தனை பேரையும் அதற்குத் தெரியும். அவர்களைப் பார்த்து ஒருநாளும் குரைத்ததில்லை. தோல் திருட மதில் ஏறுகிறவனை மட்டும் அது கீழே இறங்க விடாது. நான் போய்ச் சேரும்வரை அவன் மதில் மேலேயே குந்தியிருப்பான். யாரும் சொல்லிக் கொடுத்து வந்த புத்தி இல்லை அது.

அப்புறம் புது மானேஜர் வந்தார். படித்தவர், மதராஸ்காரர், சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். வந்த முதல் வாரமே சொட்டையைப் பார்த்து மூக்கைச் சுளித்தார்.

"இது என்னய்யா கேட்ல ஒரு சொறிநாய்? தோல் வாங்க வெள்ளைக்காரன் வந்தா நம்மளைப் பத்தி என்ன நினைப்பான்?"

"சொறி இல்லீங்கய்யா. சுண்ணாம்புல வெந்தது. நல்ல நாய்ங்க" என்றேன்.

"நல்ல நாய்னா நல்ல எடத்துல பொறந்திருக்கணும்டா, ஏழுமலை" என்றார்.

அவர் பெங்களூருக்கு எழுதிப்போட்டார். கூண்டோடு ரயிலில் வந்து இறங்கியது அல்சேஷன் நாய். பேர் டியூக். கூடவே ஒரு பத்திரம். அதன் அப்பன் பேர், தாத்தா பேர், அதற்கும் மேலே உள்ளவர்கள் பேர் எல்லாம் அதில் எழுதியிருந்ததாம். எங்களில் பாதிப் பேருக்குப் பிறந்த வருஷமே தெரியாது. நாய்க்குத் தாத்தா பேர் தெரிகிறது! மானேஜர் அந்தப் பத்திரத்துக்குச் சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டினார். சொட்டையை மதிலுக்கு வெளியே துரத்தச் சொன்னார். துரத்தினேன். கழிவுத் தண்ணீர் போகிற வாய்க்கால் துவாரம் வழியாக அது மறுபடி உள்ளே வந்து தவமணியின் தூளிக்குக் கீழே படுத்துக்கொண்டது. அதை நான் பார்த்தும் பார்க்காதவன் மாதிரி இருந்தேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், டியூக் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. வாயில்லாத ஜீவன் அது. பத்திரத்தை அதுவா எழுதிக்கொண்டது? வந்த நாள் முதல் சங்கிலியில் கட்டிப்போட்டதால் அதற்கு யார் வேலைக்காரன், யார் திருடன் என்று தெரியவே இல்லை. எல்லாரையும் பார்த்துக் குரைத்தது. மானேஜருக்கு அதுவே பெருமை. "பாத்தியா, எவனையும் நம்பாது" என்பார்.

காலையில் சங்கிலி இல்லாமல் அதைப் பாலாற்று மணலுக்குக் கூட்டிக்கொண்டு போவார். ஒருநாள் காது கிழிந்து ரத்தத்தோடு திரும்பியது. "நரி ஒண்ணு நேரா எங்க மேலயே வந்துச்சு. என்னா தைரியம்! டியூக் ஒரே பாய்ச்சல், நரி ஓடிட்டுது" என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டப்பகலில் மனுஷனைப் பார்த்தும் ஒதுங்காமல் மேலே வருகிற நரி நல்ல நரியா? "அய்யா, கொஞ்ச நாளைக்கு நாயைத் தனியா கட்டி வெப்போம்" என்று நான் போய்ச் சொன்னேன். சிரித்தார். "உங்க ஊர் நாய்ங்க மாதிரி நெனச்சியா?" என்றார்.

சில வாரங்கள் கழித்து டியூக்கின் குரல் மாறிற்று. குரைப்பு தொண்டையிலேயே உடைந்து ஊளை மாதிரி வந்தது. சங்கிலியைக் கடித்தது, மண்ணைக் கடித்தது. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக ஒழுகியது. தண்ணீர்ச் சட்டியை வைத்தால் வெறித்துப் பார்த்ததே தவிர நக்கவில்லை. நான் மறுபடியும் போய்ச் சொன்னேன்.

"பெங்களூர் நாய்டா அது. உங்க ஆம்பூர் வெயில் ஒத்துக்கல, அவ்வளவுதான். யாரையாவது விட்டுத் தண்ணி ஊத்தச் சொல்லு" என்றார் மானேஜர்.

நான் யாரையும் அனுப்பவில்லை. அவரே பட்டைக் குடோன் பக்கம் போய் முதலில் கண்ணில் பட்ட தவமணியை அனுப்பினார். அவள் குடத்தோடு குனிந்தாள். வலது கையைக் கவ்விவிட்டது. உள்ளங்கைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் பல் இறங்கியிருந்தது. குடத்தைப் போட்டுவிட்டு அவள் அலறிய சத்தம் கேட்டு நான் ஓடினேன். அதற்குள் நாய் இழுத்த இழுப்பில் முளை பிடுங்கிக்கொண்டது. சங்கிலி தரையில் தேய, அது நேராகக் குடோன் பக்கம் ஓடியது. அங்கே தூளியில் அவள் குழந்தை.

தவமணி "அண்ணா! புள்ள! புள்ள!" என்று கத்துகிறாள். தூளிக்குக் கீழே இருந்து சொட்டை எழுந்தது. டியூக் உருவத்தில் அதைப்போல இரண்டு மடங்கு. சொட்டை குரைக்கக்கூட இல்லை, போய் அதன் கழுத்துப் பட்டைக்கு மேலே கவ்விக்கொண்டு தொங்கிவிட்டது. அது உதறுகிறது, இது விடவில்லை. தோள் கிழிந்து தொங்கியும் விடவில்லை. குழியிலிருந்து அப்போதுதான் எடுத்துப் போட்டிருந்த ஈர எருமைத்தோல் ஒன்று பக்கத்தில் கிடந்தது. நானும் இரண்டு பேரும் அதை இழுத்து டியூக் மேல் போட்டு அமுக்கினோம். ஈர எருமைத்தோல் என்ன கனம் இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டாம். அப்படியே சுருட்டி, அது பெங்களூரிலிருந்து வந்த அதே மரக்கூண்டுக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டோம்.

மானேஜர் வந்தார். தவமணி கையில் ரத்தம் சொட்டுகிறது. அவர் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "டியூக்குக்குக் கழுத்துல எப்படிக் காயம்?"

சொன்னோம்.

"நான் அப்பவே சொன்னேன்ல? அந்தச் சொறிநாய்க்குத்தான் வெறி. ஆளைக் கூப்பிட்டுச் சுடச் சொல்லு. டியூக்கை இன்னிக்கு சாயங்கால வண்டியில பெங்களூருக்கு அனுப்பறேன். அந்தத் தொரை பாத்துப்பார். நீ வீட்டுக்குப் போம்மா, மஞ்சப்பத்து போடு, சரியாப் போயிடும்" என்றார்.

தம்பிகளா, எது ஆபத்தில் இருந்தது என்று நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். வெறிநாய் கடித்தால் குன்னூரில் அதற்கென்றே இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ளவேண்டும். உடனே போனால் பிழைக்கலாம். நோய் கண்டுவிட்டால் அப்புறம் வைத்தியமே கிடையாது. ஏழைகளுக்கு ரயில் டிக்கெட்டை சர்க்காரே கொடுக்கும், ஆனால் ஆஸ்பத்திரி டாக்டர் எழுதித் தரவேண்டும். அவர் கேட்கிற முதல் கேள்வி, நாய் எங்கே, எப்படி இருக்கிறது என்பதுதான். டியூக் ரயில் ஏறிப் போய்விட்டால், "வெயிலில் வாடிய நல்ல நாய்" என்று மானேஜர் சொல்வதுதான் பதில். ஒரு பட்டை இடிக்கிற பெண் பேச்சை அதற்கு மேல் யார் கேட்பார்கள்? அது மட்டுமா, வழியில் அந்தக் கூண்டைத் தொடுகிற போர்ட்டர், கார்டு, அவர்களுக்கெல்லாம் பிள்ளைகுட்டி இல்லையா?

ஜட்கா குதிரை வண்டி வந்து கேட்டுக்கு உள்ளே நின்றது. கூண்டை ஏற்றினார்கள். சாவி என் இடுப்பில்.

"கேட்டைத் தொறடா" என்றார் மானேஜர்.

"தொறக்கமாட்டேங்கய்யா."

"என்னடா சொன்னே?"

"இந்த கேட்ல வெளிய போற ஒவ்வொரு சாமானையும் பாத்து அனுப்பறதுதாங்க என் வேலை. தவமணி சோத்துத் தூக்கைத் தெனம் தொறந்து பாக்கறேன். இதையும் பாக்கணும். பாத்தேன். இது போவக்கூடாதுங்க."

"உன்னை வேலையை விட்டு நீக்கிட்டேன். சாவியைக் குடு."

"சரிங்கய்யா, நீக்குங்க. சாவியப் பெரிய மொதலாளி என் கையில குடுத்தாரு. அவரு மதராஸ்லேர்ந்து வந்ததும் அவரு கையிலயே குடுத்துட்டுப் போறேன்."

அதற்குள் ஷாப்பு முழுக்கக் கத்தியைக் கீழே போட்டுவிட்டு வந்து நின்றுவிட்டது. தவமணி மதிலோரமாகக் கையைத் துணியில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரயிலுக்கு நேரமாகிறது என்று மானேஜர் கடியாரத்தைப் பார்த்துக்கொண்டே கத்தினார். "அஞ்சு தலைமுறைக்குப் பத்திரம் இருக்குடா அந்த நாய்க்கு! அதுக்கு வெறி புடிக்குமா? அறிவு கெட்ட ஜனம்! வெயில்டா, வெயில்!"

எனக்கு உள்ளே என்னவோ அறுந்துபோயிற்று. ஆனால் குரலை உயர்த்தவில்லை. ஆத்திரம் வருகிற நேரத்தில் குரலை இறக்கிப் பேசுங்கள், அப்போதுதான் எதிராளி காது கொடுப்பான்.

"வெயில்தானேங்கய்யா? ஒரு கிண்ணி பால் கொண்டாரச் சொல்றேன். தாழ்ப்பாளைத் தொறந்து உங்க கையால உள்ள வைங்க. உங்க நாய், உங்க கை. வெச்சிட்டு வாங்க. நானே கேட்டைத் தொறந்து வண்டிய ரயிலடி வரைக்கும் தள்ளிக்கினு வர்றேன்" என்றேன்.

பால் வந்தது. அவர் வெடுக்கென்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கூண்டுக்குப் பக்கத்தில் போனார். உள்ளே டியூக் மரச்சட்டத்தைக் கடித்துக் கடித்துப் பல் ஈறெல்லாம் ரத்தம். கண் எங்கேயோ பார்த்தது. அவர் தாழ்ப்பாள் வரைக்கும் கையைக் கொண்டுபோனார். அங்கேயே நின்றார். அத்தனை பேரும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். மெல்லக் குனிந்து கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

தெரிந்திருக்கிறதய்யா! அந்த ஆளுக்குத் தெரிந்தே இருக்கிறது! படிக்காத ஜனம் சொல்வது புரியவில்லை, வெயில் என்று மெய்யாகவே நம்புகிறார் என்றுதான் அந்த நிமிஷம் வரை நினைத்திருந்தேன். தன் கைக்கு அது வெறிநாய், தவமணி கைக்கு மட்டும் வெயிலில் வாடிய நாயா? தூ!

ஜட்காக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "இந்தச் சவாரி நம்மளுக்கு வாணாம்பா, பேஜாரு" என்று பொதுவாகச் சொல்லிக் கூண்டை இறக்கிவைத்தார். "வாம்மா, நீ ஏறு. ஆஸ்பத்திரிக்கி நான் இட்டுக்கினு போறேன்" என்று தவமணியைப் பார்த்துச் சொன்னார். நான் கேட்டைத் திறந்தேன்.

டாக்டர் நல்ல மனுஷர். நேரில் வந்து கூண்டை ஒரு பார்வை பார்த்தார், அங்கேயே எழுதிக் கொடுத்தார். தவமணியும் அவள் புருஷனும் குழந்தையோடு ரயிலேறினார்கள். ஜோலார்பேட்டையில் வண்டி மாறவேண்டும் என்று அவனுக்கு நான் நாலு தரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னலில் தலையை நீட்டி, "அண்ணா, சொட்டைக்கும் கடி பட்டுதே. அதுக்கு ஊசி உண்டா?" என்று கேட்டாள்.

"நாய்க்கு ஊசி இல்லம்மா" என்றேன்.

"அப்ப இன்னா செய்வ?"

வண்டி கிளம்பிவிட்டது.

டியூக் அடுத்த இரண்டாம் நாள் கூண்டிலேயே செத்தது. சொட்டையைத் தனியாகக் கட்டிப்போட்டிருந்தேன். சோறு தின்றது, தண்ணீர் குடித்தது, வாலை ஆட்டியது. "நல்லாத்தானே இருக்குது, வுட்டுடு ஏழுமலை" என்று எல்லாரும் சொன்னார்கள். தோளில் இறங்கியிருந்தது டியூக்கின் பல். இன்றைக்கு நல்லாயிருக்கும், ஒரு மாதம் கழித்து அதே தூளிக்குக் கீழேதானே போய்ப் படுக்கும்? போலீஸ்காரரைத் துப்பாக்கியோடு கூட்டி வந்தேன். கடைசி வரை கயிற்றை நான்தான் பிடித்திருந்தேன். யாரிடமும் கொடுக்கவில்லை. அந்த முடிவு சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். அது சரியாக இருந்ததால்தான் எனக்கு இத்தனை கோபம். ஒரு பாவமும் அறியாத நாயைக் கொல்வது சரியான காரியம் ஆகிற நிலைமைக்கு எங்களைக் கொண்டுவந்து விட்டது எது? சுவரில் மாட்டியிருந்த ஒரு காகிதமும், அதைக் காட்டி எங்கள் வாயை அடைத்த ஒரு மனுஷனும்.

பெரிய முதலாளி திரும்பி வந்து எல்லாவற்றையும் கேட்டார். சாவியை நீட்டினேன். "வெச்சுக்கோ" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார். மானேஜரை ஒன்றும் செய்யவில்லை. கணக்கு வழக்கு தெரிந்த ஆள் வேண்டுமே! அந்த ஆள் பங்களா மாமரத்தடியில் டியூக்கைப் புதைத்துப் பேர் வெட்டிய கல் நட்டார். வருகிறவர்களிடம், "ஒரு தெருநாய் கடிச்சு செத்துப்போச்சு" என்று சொல்லி வருத்தப்பட்டார். சொட்டை பாலாற்று மணலில் கிடக்கிறது. எந்த இடம் என்று இப்போது எனக்கே அடையாளம் தெரியாது.

தவமணி பிழைத்து வந்தாள். அதற்குள் பெங்களூரிலிருந்து இன்னொரு நாய்க்கு மானேஜர் எழுதிப்போட்டுவிட்டார். அது தெரிந்த மறுநாள் காலை அவள் வேலைக்கு வரும்போது இடுப்பில் குழந்தை, முந்தானைக்குள் ஏதோ அசைகிறது. கேட்டில் நிறுத்தினேன். முந்தானையை விலக்கிக் காட்டினாள். செம்பட்டை நிறத்தில் ஒரு குட்டி. மதிலுக்கு வெளியே சவ்வுக் குவியலில் கிடந்ததை எடுத்து வந்தாளாம். சரியாக அந்த நேரத்துக்கு மானேஜர் வந்து நின்றார்.

"என்ன அது? எங்கேயோ கிடந்ததை எல்லாம் உள்ள கொண்டு வராதே. என்ன ஜாதியோ, என்ன வியாதியோ" என்றார்.

தவமணி குட்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். வலது கையை அவர் மூஞ்சிக்கு நேராக விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் பல் இறங்கிய தழும்பு கன்னங்கரேலென்று இருந்தது.

"பத்திரம் இருந்த நாய் போட்ட கையெழுத்து இதோ இருக்குது பாருங்க சார். இது இன்னும் எங்கியும் கையெழுத்துப் போடல."

அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஆபீஸுக்குள் போய்விட்டார். நான் முறைப்படி அவள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்த்தேன். குட்டியின் வாயைத் திறந்து பார்த்தேன். கழுத்தைப் பார்க்கவில்லை. பிறகு கேட்டை முழுசாகத் திறந்து மூன்று பேரையும் உள்ளே விட்டேன்.